கறிவேப்பிலைக்குப் பழைய புடவை: ஹூஸ்டன்ல திடீர் குளிர் வந்தா செடியைக் காப்பாத்துறது எப்படி

ஹூஸ்டன், கேட்டி, சுகர் லேண்ட், பேர்லேண்ட் பக்கம் நம்மாளுங்க வீட்டு பேக்யார்டை எட்டிப் பாத்தா எல்லாம் ஒரே குடும்பம் தான். ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, மல்லி ரெண்டு தொட்டி, மூலையில வாழை, ஃபென்ஸ் ஓரமா எலுமிச்சை, துளசி. வருஷம் பூரா சென்னை மாதிரி வேர்த்துக் கொட்டுற ஊருங்கிறதால நாமளும் கவலைப்படாம வெச்சுடுறோம், செடியும் கவலைப்படாம வளந்துடுது, அப்புறம் ஜனவரி பிப்ரவரில ஒரு நாள் மத்தியானம் டி-ஷர்ட்டோட வாக்கிங் போயிட்டு வரோம், அன்னைக்கு ராத்திரியே வடக்குலேந்து காத்து அடிச்சு எல்லாம் முடிஞ்சுடுது. இங்க இருக்குற பழைய ஆளுங்க அதுக்கு ப்ளூ நார்தர்னு பேரே வெச்சிருக்காங்க.

2021 பிப்ரவரி 16 காலையில ஹூஸ்டன் ஏர்போர்ட்ல 13 டிகிரி. இங்க எல்லாமே ஃபாரன்ஹீட் தான், நானும் அதுலயே சொல்றேன், செல்சியஸ்ல போட்டா மைனஸ் 10க்கும் கீழ. 2022 டிசம்பர்ல கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி மறுபடியும் 20க்குக் கீழ போச்சு. 2025 ஜனவரி 21ல ஸ்னோவே கொட்டிச்சு, பசங்க சந்தோஷமா ஸ்னோமேன் பண்ணாங்க, நான் ஜன்னல் வழியா மல்லிச்செடியைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஆக எப்பவோ ஒரு தடவை தானேன்னு விட முடியாது.

2021ல நான் பண்ண முட்டாள்தனத்தை மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் அதையே தான் பண்றாங்க. பெயிண்ட் அடிக்கறப்போ தரையில விரிக்கிற மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட் இருந்துச்சு, அதை எடுத்து கறிவேப்பிலை மேல போத்தி, பறக்காம இருக்கணும்னு அடித்தண்டுல கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். பாக்குறதுக்கு பெரிய லாலிபாப் மாதிரி இருந்துச்சு. உள்ள கிறிஸ்துமஸ் லைட் வேற சுத்தினேன், அது எல்ஈடி. ராத்திரி கரண்ட் போச்சு. கரண்ட் இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லங்கிறது எனக்குப் பின்னாடி தான் புரிஞ்சுது.

விஷயம் இவ்ளோ தான். செடிக்கு உடம்பு சூடு கிடையாது. நமக்கு ஸ்வெட்டர் போட்டா உள்ள நம்ம உடம்பு சூடு தங்குது, செடிக்கு ஸ்வெட்டர் போட்டா உள்ள தங்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. சூடு இருக்குறது மண்ணுல. பகல் பூரா வெயில வாங்கி வெச்சிருக்குற தரை, ராத்திரி அதைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடுது, அது வானத்துக்குப் போகாம செடியைச் சுத்தி நிக்க வைக்கிறது தான் நம்ம வேலை. அப்போ போர்வை தரை வரைக்கும் வரணும், கூடாரம் மாதிரி விரிஞ்சு நிக்கணும். தண்டுல கட்டினீங்கன்னா மண்ணு சூட்டை வெளிய தள்ளிட்டு குளிரை உள்ள வெச்சுப் பூட்டின மாதிரி ஆயிடும், நான் பண்ணது அதே தான். இது ஒண்ணு மண்டையில ஏறிட்டா மீதி எல்லாம் தானா வரும்.

சரி, ஃபோர்காஸ்ட் எப்படிப் பாக்குறது. ஃபோன்ல ஃபீல்ஸ் லைக்னு ஒரு நம்பர் காட்டும், அதைப் பாத்துப் பயப்படாதீங்க, அது மனுஷங்க தோலுக்கு. செடிக்கு நெஜமான டெம்பரேச்சர் தான் கணக்கு. நேஷனல் வெதர் சர்வீஸ் சைட்ல உங்க ஜிப் கோடு போட்டு மணி வாரியா வர்ற கிராஃபைப் பாருங்க, எவ்ளோ கீழ போகுதுங்கறதோட எத்தனை மணி நேரம் 32க்குக் கீழ நிக்குதுன்னும் பாருங்க, விடிகாலையில ரெண்டு மணி நேரம் 30ங்கறதும் ராத்திரி பூரா 24ங்கறதும் வேற வேற கதை. இன்னொண்ணு, அவங்க அளக்குறது தரையிலேந்து ஆள் உசரத்துல. காத்தில்லாத தெளிஞ்ச ராத்திரியில தரை அதைவிட ஜில்லுனு இருக்கும், அதனால ஃபோர்காஸ்ட் 36னு சொன்னாலே காலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி உக்காந்திருக்கலாம்.

காத்து இருக்கா இல்லையாங்கறது ரொம்ப முக்கியம். காத்தே இல்லாம நட்சத்திரம் பளிச்னு தெரியுற ராத்திரின்னா சும்மா பெட்ஷீட் போட்டாலே நாலஞ்சு டிகிரி காப்பாத்திடலாம். ஊட்டியில டிசம்பர் ஜனவரில உறைபனி விழுதுன்னு நியூஸ்ல காட்டுவாங்களே, பொட்டானிக்கல் கார்டன்ல செடிய மூடி வெச்சிருப்பாங்களே, அது இந்த ரகம். ஆனா 2021, 2022ல வந்தது காத்தோட வந்த ரகம், ஆர்க்டிக் காத்து அடிச்சு அடிச்சு மண்ணு சூட்டையே வாரிட்டுப் போயிடும், இலையில இருக்குற ஈரத்தையும் உறிஞ்சிடும். அதுக்கு வெறும் துணி பத்தாது, காத்துத் தடுப்பும் வேணும், உள்ள ஏதாவது சூடும் வேணும்.

குளிர் வர்றதுக்கு முந்தின நாள் காலையில தண்ணி விடுங்க, மண்ணுக்கு மட்டும், இலைக்கு இல்ல. நிறைய பேரு குளிருக்கு முன்னாடி தண்ணி விட்டா உறைஞ்சுடும்னு நெனச்சு விடாம இருக்காங்க, அது தலைகீழ். காஞ்ச மண்ணுல முழுக்க காத்து தான் இருக்கும், ஈர மண்ணு தான் பகல் சூட்டைப் புடிச்சு வெச்சு ராத்திரி மேல அனுப்பும். அதோட வேர் நல்லா தண்ணி குடிச்சிருந்தா அந்த வறண்ட காத்தையும் செடி தாங்கும். தொட்டியில மட்டும் தண்ணி தேங்காமப் பாத்துக்கோங்க. கத்தாழை மாதிரி சதைப்பத்தா இருக்குறதுக்குத் தண்ணியே வேணாம், அதைத் தூக்கி உள்ள வெச்சுடுங்க.

அடுத்து மூடாக்கு. வைக்கோல், காஞ்ச எலை, கடையில மூட்டையில விக்கிற மல்ச், எதுவா இருந்தாலும் அடியைச் சுத்தி அரை அடியிலேந்து முக்கால் அடி உசரத்துக்குக் குவிங்க. மேல செத்தாலும் வேர் பொழைக்கணும்னு தான் இது. குளிர் போனதும் தண்டை ஒட்டி இருக்குறதத் தள்ளி விட்டுடணும், இல்லேன்னா தண்டு அழுகும்.

இப்ப போர்வைக்கு வரேன். கார்டன் கடையில ஃப்ராஸ்ட் கிளாத்னு விக்கிறாங்க, நல்லது தான், ஆனா ஃபோர்காஸ்ட் வந்த அன்னைக்குப் போனீங்கன்னா ஒண்ணு கூட இருக்காது, நவம்பர்லயே வாங்கி வெச்சுடுங்க. இல்லையா, நம்ம வீட்டுலயே இருக்கு. பழைய காட்டன் புடவை. அஞ்சரை மீட்டர், ரெண்டா மடிச்சா ஒரு ஆள் உசர செடிக்கு சுத்தியும் தரை வரைக்கும் வரும், எடையும் கம்மி, கிளை ஒடியாது. என்னோட ரெண்டு மதுரை சுங்குடி இப்ப முழுநேரமா கறிவேப்பிலை டியூட்டி பாக்குது. அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, ஏன்டி எனக்கு எடுத்துக் குடுத்திருந்தா நான் கட்டியிருப்பேனேன்னாங்க. வேட்டி, பெட்ஷீட், கம்பளி எதுவும் ஓகே. கனமான கம்பளியா இருந்தா மட்டும் நாலு மூங்கில் குச்சியோ தக்காளிக் கூண்டோ நட்டு அது மேல போடுங்க, செடி மேல பாரம் விழக்கூடாது.

பிளாஸ்டிக் போடவே கூடாதான்னா, போடலாம், ஆனா துணிக்கு மேல. இலையைத் தொடவே கூடாது, தொட்ட எடமெல்லாம் கருகும், என் செடியில ஷீட் ஒட்டின இலை மட்டும் மொதல்ல கருப்பாச்சு. காத்தோட வர்ற குளிர்னா, இல்ல மழையும் சேந்து வருதுன்னா, கீழ துணி மேல பிளாஸ்டிக் நல்லா வேலை செய்யும், ஏன்னா துணி நனைஞ்சா அது பிரயோஜனமே இல்ல. மூடுறத சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சுடுங்க, தரையில இன்னும் சூடு இருக்கும். ஓரத்துல செங்கல், மண்ணு மூட்டை, தண்ணி கேன் எது கெடைக்குதோ அதை வைங்க, இடையில துணி கிளிப் போடுங்க. அந்தக் காத்துல ஒரு ஓரம் தூக்கிச்சுன்னா மொத்தமும் பக்கத்து வீட்டுக்குப் போயிடும். எங்க வீட்டு வேட்டி ஒண்ணு போச்சு, அவங்க அதை மேஜை விரிப்புன்னு நெனச்சு மடிச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க.

சூட்டுக்கு கிறிஸ்துமஸ் லைட் போடலாம், ஆனா பழைய மாடல் இழை பல்பா இருக்கணும். பெரிய சைஸ் சி9 பல்பு ஒண்ணு 7 வாட், 25 பல்பு சரம்னா 175 வாட், அது ஒரு கூடாரத்துக்குள்ள நல்ல சூடு. எல்ஈடி தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கும், அழகுக்குத் தான் ஆகும். பல்பு துணியையும் பிளாஸ்டிக்கையும் தொடாம, தண்டைச் சுத்தி கீழ்ப்பக்கமா போடுங்க, வெளியில போடுறதுக்குன்னே இருக்குற எக்ஸ்டென்ஷன் கார்டு தான் யூஸ் பண்ணனும். கோழிக்கூண்டுக்குப் போடுற ஹீட் லேம்ப்பைத் துணிக்குள்ள வைக்காதீங்க, தீ புடிச்சுக்கும்.

கரண்ட் போயிட்டா? 2021ல டெக்ஸாஸ் முழுக்க 40 லட்சத்துக்கும் மேல வீட்டுல கரண்ட் போச்சு, அதனால கரண்ட் இல்லாத வழி ஒண்ணு கைவசம் வெச்சுக்கணும். அதுக்குத் தான் தண்ணி. 5 கேலன் பக்கெட் ரெண்டு, வெதுவெதுப்பான தண்ணி ரொப்பி மூடி போட்டு கூடாரத்துக்குள்ள வைங்க. ஆறும்போது கொஞ்சம் சூடு விடும், ஆனா பெரிய வேலை அப்புறம் தான், ஒரு கிராம் தண்ணி உறையும்போது 80 கலோரி வெளிய விடும், அதே ஒரு கிராம் ஒரு டிகிரி செல்சியஸ் ஆறினா வர்றது 1 கலோரி தான். பக்கெட்ல மேல ஐஸ் கட்டியிருந்தா அது தோத்துப் போச்சுன்னு அர்த்தமில்ல, அப்ப தான் அது வேலையே செய்யுது.

இதே கணக்கை வெச்சு தான் ஃப்ளோரிடாவுல பிளான்ட் சிட்டி பக்கம் ஸ்ட்ராபெரி தோட்டக்காரங்க ராத்திரி பூரா ஸ்பிரிங்க்ளர் ஓட்டி செடி மேல ஐஸே கட்ட விடுறாங்க. அதைப் பாத்துட்டு வீட்டு ஸ்பிரிங்க்ளர் போட்டு விடாதீங்க. ஐஸ் உருகி முடியுற வரைக்கும் ஒரு நிமிஷம் கூட நிறுத்தாம ஓடணும், காத்து அடிச்சா தண்ணி ஆவியாகும், ஆவியாகறப்போ உறையறதுல கிடைக்கிற மாதிரி ஏழு மடங்கு சூட்டை உறிஞ்சிட்டுப் போகும், செடி இன்னும் சீக்கிரம் சாகும். எங்க தெருவுல ஒருத்தர் செஞ்சாரு, எலுமிச்சை ஐஸ் பாரம் தாங்காம நடுவுல பொளந்துடுச்சு.

தொட்டிச் செடிக்கு யோசனையே வேணாம், தூக்கி உள்ள வைங்க. தரையில இருக்குற செடிக்கு வேர் மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு, தொட்டியில நாலு பக்கமும் காத்து, வேரே உறைஞ்சுடும். வீட்டை ஒட்டின கராஜ் போதும், மூணு நாலு நாள் இருட்டுல இருந்தா ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குள்ளயே கொண்டு போறீங்கன்னா இலைக்கு அடியில மாவுப்பூச்சி இருக்கான்னு பாத்துட்டு கொண்டு போங்க, ஹீட்டர் காத்து நேரா அடிக்கிற எடத்துல வைக்காதீங்க. தூக்க முடியாத பெரிய தொட்டின்னா தெற்குப் பக்க செவுத்தோரமா நகத்தி, எல்லாத்தையும் நெருக்கமா சேத்து வெச்சு, மொத்தமா போத்திடுங்க. இந்த ஊரு செங்கல் செவுரு பகல்ல வெயில் வாங்கி ராத்திரி சூடு விடும், நடும்போதே கறிவேப்பிலையை அந்தப் பக்கம் நட்டுட்டா பாதி வேலை மிச்சம். அப்புறம் தயவுசெஞ்சு கராஜுக்குள்ள கரி அடுப்போ ஜெனரேட்டரோ காரோ ஓட்டி சூடு பண்ணாதீங்க. 2021ல அப்படிப் பண்ணி கார்பன் மோனாக்சைடுல ஆளுங்களே செத்துப் போனாங்க.

எல்லாத்தையும் காப்பாத்த முடியாது, எது முக்கியம்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. தக்காளி, கத்தரி, வெண்டை, மொளகாயெல்லாம் 32ஐத் தொட்டாலே போச்சு, அதுக்காகப் போராடுறத விட இருக்குற காயைப் பறிச்சுட்டு வந்துடுறது மேல், பச்சைத் தக்காளி துவையல் ஒரு வாரத்துக்கு ஓடும். துளசி தாங்காது, காஞ்ச பூவை உருவி விதை எடுத்து வெச்சுக்கோங்க, ஒரு கன்னை ஜன்னலோரம் வைங்க. கொத்தமல்லி, முள்ளங்கி, முட்டைக்கோஸெல்லாம் லேசான உறைபனிக்கு அசராது, 20களுக்குப் போனா மட்டும் ஒரு துணி. வெத்தலைக்கொடி இங்க தொட்டியில மட்டும் தான் வைக்கணும், என் அபிப்பிராயம்.

கறிவேப்பிலை 30க்குக் கீழ போனா இலை கருகும், 25 பக்கம் போனா தண்டும் போகும், ஆனா நல்லா வேர் ஓடின செடியா இருந்து அடியில மூடாக்கு இருந்தா ஏப்ரல்ல மண்ணுலேந்து துளிர்க்கும். என்னோடது 2021ல தரை மட்டத்துக்குச் செத்து, மறுபடி நாலு தண்டா வந்துச்சு. அந்த வேர்லேந்து வர்ற பக்கக் கன்னு ஒண்ணைப் பிரிச்சு தொட்டியில வெச்சு வீட்டுக்குள்ள வளத்துடுங்க, அது தான் நெஜமான இன்ஷூரன்ஸ். ஆனா அதைக் கார்ல போட்டு டல்லாஸ்ல இருக்குற ஃப்ரெண்டுக்குக் கொண்டு போறது, வேற ஸ்டேட்டுக்குப் பார்சல் அனுப்புறது எல்லாம் வேணாம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், எலுமிச்சை ஆரஞ்சை அழிக்கிற கிரீனிங் நோயைப் பரப்புற பூச்சி கறிவேப்பிலையில உக்காந்து போகும், அதனால கன்னைக் கொண்டு போறதுக்கு சட்டமே இருக்கு.

முருங்கையோட மேல்பக்கம் எப்படியும் போயிடும். நான் குளிருக்கு முந்தின நாள் மூணடி விட்டு மீதியை வெட்டிடறேன், கீரையை உருவி ஃப்ரீஸர்ல போட்டுடறேன், நிக்கிற கட்டையைக் கம்பளியால சுத்தி, வெட்டின எடத்துல மழைத்தண்ணி எறங்காம ஒரு கவர் கட்டி, அடியில மூடாக்கைக் குவிச்சுடறேன். வாழைக்கு என்னன்னா, கிழங்கு பொழைக்கும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா தண்டு செத்துட்டா தார் கிடைக்காது. புதுக்கன்னு குலை தள்ளுறதுக்குள்ள அடுத்த குளிர் வந்துடும், வருஷா வருஷம் இலை மட்டும் தான் பாப்பீங்க. குலை வேணும்னா இலையை விட்டுடுங்க, தண்டை நாலஞ்சடி உசரம் வரைக்கும் கம்பளி சுத்திக் காப்பாத்துங்க.

எலுமிச்சை, மாமரக் கன்னு இதெல்லாம் ஒட்டுச்செடி. சின்ன மரமா இருந்தா ஒட்டு போட்ட எடத்துக்கு மேல ஒரு அடி வரைக்கும் மண்ணையே குவிச்சு மூடிடுங்க, இலை கிளையெல்லாம் போனாலும் ஒட்டு பொழைக்கும். மார்ச்ல மண்ணை எடுத்துடணும்.

மறுநாள் வெயில் வந்து 32ஐத் தாண்டினதும் போர்வையைத் திறந்து விடுங்க. பிளாஸ்டிக் மேல வெயில் பட்டா உள்ள வெந்துடும், குளிருக்குத் தப்பிச்ச செடி சூட்டுல சாகும். மண்ணும் மறுபடி சூடு வாங்கணும். அடுத்த ராத்திரியும் குளிர்னா சாயங்காலம் திரும்ப மூடுங்க. வெயிலே வரலேன்னா, பகல்லயும் உறைநிலைக்கு மேல ஏறலேன்னா, அப்படியே மூடி இருக்கட்டும்.

அதுக்கப்புறம் தான் கஷ்டமான வேலை, சும்மா இருக்குறது. எல்லாம் கருப்பா தொங்கும், கத்திரிக்கோல் எடுக்கணும்னு கை துறுதுறுன்னு வரும், எடுக்காதீங்க. செத்த இலை கூட கீழ இருக்குற கிளைக்கு ஒரு மூடி தான், இப்ப வெட்டினா வெதுவெதுப்பான நாலு நாள்ல புதுத்துளிர் வந்து அடுத்த குளிர்ல அதுவும் போகும். பிப்ரவரி கடைசி வரைக்கும் இங்க உறைபனி வரலாம். உரமும் போடாதீங்க. வாழைத் தண்டு கூழா அழுகி நாறினா மட்டும் அதை வெட்டிடலாம். மார்ச் நடுவுல நகத்தால பட்டையை லேசா சுரண்டிப் பாருங்க, பச்சையா இருந்தா உசுரு இருக்கு, பழுப்பா இருந்தா இன்னும் கீழ சுரண்டுங்க, பச்சை தெரியுற எடத்துக்குக் கொஞ்சம் மேல வெட்டுங்க. எலுமிச்சைக்கு மே மாசம் வரைக்கும் கூட டைம் குடுக்கலாம்.

எலுமிச்சையில ஒரு ஏமாத்து வேலை இருக்கு. அடியிலேந்து பச்சைப்பசேல்னு துளிர் வந்துடுச்சுன்னு ஃபோட்டோ போட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். ஒரு அக்கா ஸூம் பண்ணிப் பாத்துட்டு, இலை மூணு மூணா பிரிஞ்சிருக்கு பாருன்னாங்க. ஒட்டுக்கு மேல இருந்த எலுமிச்சை செத்தே போச்சு, வந்தது அடியில வேருக்குன்னு வெச்சிருந்த காட்டு ஆரஞ்சு, நீளமா முள்ளு, காய் வந்தாலும் வாயில வைக்க முடியாது. ஒட்டுத் தழும்புக்குக் கீழேந்து வந்தா அது நம்ம செடி இல்ல. மேலயும் உசுரு இருந்தா கீழ வர்றத உடனே கிள்ளிப் போட்டுடுங்க, மேல ஒண்ணுமே இல்லேன்னா தோண்டி எடுத்துட்டு வேற கன்னு வாங்குங்க. நான் ரெண்டு வருஷம் அதுக்குத் தண்ணி ஊத்தினேன்.